தெருவைப் பார்க்காத செருப்பு

என் நோயை முதலில் கண்டுபிடித்தது என் கேமராதான். எனக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. நான் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பது என் தொழில். அரியாங்குப்பத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, மறுநாள் மதியம் சாப்பிட்ட கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மேடையில் வெள்ளை விரிப்பு. மாப்பிள்ளை வந்து உட்காரும் படத்தில் விரிப்பின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. தாலி கட்டும் படத்தில் நாலைந்து. அட்சதை போடும் படத்தில் மேடையைச் சுற்றிலும்.

ஆரத்தித் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். படத்தில் கறையை அழிக்க மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அதை வைத்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மேடைக்குள் ஆரத்தித் தண்ணீர் எப்படி வரும் என்று, கல்யாணம் எடுத்தே தலை நரைத்த எனக்குத் தோன்றவில்லை.

பிலோமி மோரோடு வந்தாள். பிலோமி என் மனைவி. ஆல்பம் வடிவமைப்பது அவள் வேலை, என்னைத் திருத்துவது அவள் பொழுதுபோக்கு. திரையைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் நாற்காலிக்குக் கீழே பார்த்தாள்.

"ஸ்கிரீன்ல அழிச்சது போதும். தரையில கெடக்கறத எதால அழிப்பீங்க?"

வாசலிலிருந்து நாற்காலிவரை, வெள்ளை டைல்ஸ்மேல், அதே சிவப்புப் புள்ளிகள்.

வலது காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலின் மேட்டில் தோல் காய்த்துக் கெட்டியாகியிருந்தது. அதன் நடுவில் ஏதோ மின்னியது. குண்டூசியின் தலை. கல்யாண மேடைகளில் குண்டூசிக்குப் பஞ்சமில்லை. புடவை மடிப்பிலும் பூ அலங்காரத்திலும் அதுதான். அதில் ஒன்று முழுசாக எனக்குள் போயிருந்தது. நான் அதன்மேல் நின்றுதான் ஒரு கல்யாணத்தையே எடுத்திருக்கிறேன், விருந்தும் சாப்பிட்டிருக்கிறேன்.

எறும்பு கடித்தால்கூடக் கத்தி ஊரைக் கூட்டுகிறவன் நான். அன்றைக்கு எனக்குத் துளிகூட வலிக்கவில்லை.

ஆட்டோ வருவதற்குள் என் கால் கணுக்கால்வரை போய்விட்டது, மனதுக்குள்தான். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் கடந்து போவதற்குள் முழங்கால்வரை போய்விட்டது. ஒற்றைக் காலோடு எப்படி ஸ்கூட்டரை நிறுத்துவது, குடும்பப் படங்களில் எந்த மாமாவுக்குப் பின்னால் நின்று மறைத்துக்கொள்வது என்பதுவரை முடிவுசெய்துவிட்டேன். பிலோமியிடம் என் நல்ல ஷூவை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டேன். "ரெண்டையும் ஒருத்தருக்கே குடுக்கலாம், வாய மூடிக்கினு வாங்க" என்றாள்.

எனக்குச் சர்க்கரை இருப்பது பத்து வருஷத்துக்கு மேலாகவே தெரியும். ஞாபகப்படுத்தினால் மாத்திரை போடுவேன். பந்தியில் பாயசம் வைத்தால், வைத்தவர் மனம் நோகக்கூடாதே என்று குடித்துவிடுவேன். எனக்கும் சர்க்கரைக்குமான உறவு அப்படித்தான் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் பாதங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர், பேச்சு அளவாக இருந்தது. ஊசியை எடுத்துவிட்டு, டிப்ரைட்மெண்ட் (புண்ணைச் சுற்றித் தடித்துச் செத்துப்போன தோலைச் செதுக்கி எடுப்பது) செய்யப்போவதாகச் சொன்னார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த புனிதர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன். பாதி வரிசையில் டாக்டர் நிமிர்ந்தார்.

"சார், நான் முடிச்சிட்டேன்."

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. கத்தி என் காலைச் செதுக்கியிருக்கிறது, எனக்குச் சேதியே வரவில்லை.

அடுத்து ஒரு நைலான் இழைப் பரிசோதனை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இழை காலில் படும்போதெல்லாம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. ஒரு குத்துமதிப்பாக, "இப்ப... இப்ப... தோ இப்ப" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"சார், நான் இன்னும் தொடவே இல்ல."

பிலோமி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

நியூரோபதி (நீண்டநாள் சர்க்கரையால் கால் நரம்புகள் உணர்விழந்துபோவது) என்றார் டாக்டர். இதில் இரண்டு இழப்பு. ஒன்று, வலி. கல்லோ ஊசியோ குத்தினால் கால் சொல்வதில்லை. இன்னொன்று நிதானம். பாதம் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று உள்ளங்கால்தான் மூளைக்கு நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்குமாம். அது வாயை மூடிக்கொண்டால் கண் அந்த வேலையைச் சேர்த்துப் பார்க்கும். கண்ணையும் மூடினால் ஆள் சாய்வான்.

நம்பாமல் எழுந்து நின்று, கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடினேன். அறை என்னை இடதுபக்கமாக இழுத்தது. டாக்டரும் பிலோமியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பழைய சங்கதிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டால் முழங்கை சுவரில் இடிக்கும். டைல்ஸ் போட்ட மேஸ்திரி வாட்டம் சரியாக வைக்கவில்லை என்று ஒரு வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நோணாங்குப்பம் படகுத்துறையில் ஒரு ஜோடியைப் படகில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக் கேமராவில் பார்த்தபோது தள்ளாடினேன். "படகு ஆடுது, கொஞ்சம் கெட்டியா புடிங்கப்பா" என்றேன். படகில் இருந்தது அவர்கள். நான் நின்றது கரையில்.

பிறகு ஒரு தட்டையான பலகைமேல் என்னை நடக்கவிட்டார்கள். பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அது கலர் படமாகக் காட்டுகிறது. குதிகாலில் பச்சை, ஓரத்தில் நீலம், கட்டைவிரலுக்குக் கீழே மட்டும் நெருப்பாகச் சிவப்பு. மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, என் மொத்த உடம்பும் ஒரு கட்டைவிரல் நகமளவு இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தொழிலுக்கு வந்ததிலிருந்து ஆயிரக்கணக்கான முகங்களைப் படம் எடுத்திருக்கிறேன். என்னை இவ்வளவு உண்மையாக யாரும் எடுத்ததில்லை.

அழுத்தம் விழுகிற இடத்தில் தோல் காய்க்கும். காய்த்த தோல் செருப்பில் மாட்டிய கல் மாதிரி உள்ளே இன்னும் அழுத்தும். அதற்கடியில் சத்தமில்லாமல் புண் வளரும். குண்டூசி குத்தியிருக்காவிட்டால் எனக்கு அது தெரியவே வந்திருக்காது. அந்த ஊசிக்கு நான் கடன்பட்டவன்.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை. "இப்போதைக்கு" என்று சேர்த்துக்கொண்டார் டாக்டர். கிருமி எலும்புக்குள் போனால் கட்டைவிரலை எடுக்க வேண்டியிருக்கலாம். எட்டு வைக்கும்போது உடம்பை முன்னால் தள்ளுவதும், சாயும்போது தரையைப் பிடிப்பதும் அந்த விரல்தான். ஏற்கெனவே கரையில் நின்று ஆடுகிற ஆளுக்கு அதுவும் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

மருந்து, கட்டு, மாத்திரை. அதோடு என் கால் அச்செடுத்துச் செய்த இன்சோல் (செருப்புக்குள் வைக்கும் மெத்தைத் தகடு) பொருத்திய ஒரு ஜோடிச் செருப்பு. குதிகாலுக்குப் பின்னால் பட்டை இருக்கும், நழுவாது. புண் இருக்கும் இடத்துக்கு நேராக மெத்தையில் சின்னப் பள்ளம். எடையைப் பாதம் முழுக்கப் பங்குபோட்டுக்கொடுக்கும் ஏற்பாடு.

"கால் எதுமேலயாவது படணும்னா இதுமேலதான் படணும் சார்" என்றார் டாக்டர்.

தலையாட்டினேன். அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது என்றே நம்பினேன்.

முதலில் புண் சுருங்கியது. நான் பாயசத்தை விட்டேன், மாத்திரையை யாரும் ஞாபகப்படுத்தாமல் போட்டேன், புதுச் செருப்பை எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். பிறகு புண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. வாரங்கள் போயின. அது மூடவும் இல்லை, பெரிதாகவும் இல்லை, வாடகைக்கு வந்த ஆள் மாதிரி உட்கார்ந்துகொண்டது. நான் மறுபடி ஷூவை யாருக்குக் கொடுப்பது என்ற யோசனைக்குப் போனேன். இன்சோல் போலி என்றேன், மருந்து பழசு என்றேன்.

மருத்துவமனையில் டாக்டர் செருப்பிலிருந்து இன்சோலை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் டாக்டர்."

"கால் தடமே இல்லையே. போட்டு நடந்திருந்தா குதிகால் அமுங்கியிருக்கும், அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கும். இது கடையில வெச்ச மாதிரி இருக்கு."

நான் தினமும் போடுகிறேன் என்று அடித்துச் சொன்னேன். அது பொய்யும் இல்லை. பிலோமிதான் இடையில் வந்தாள்.

"போடறாரு டாக்டர். வீட்டு வாசல்ல கழட்டிடுவாரு. ஸ்டூடியோ வாசல்ல கழட்டிடுவாரு. பொண்ணு வீட்டுல கழட்டிடுவாரு, மண்டபத்துல மேடைக்குக் கீழ கழட்டிடுவாரு, கோவில்லயும் வெளியவே விட்டுடுவாரு."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பங்குக் கோவிலான சர்ச்சுக்குள் ஷூவோடு போகிறவர்களும் உண்டு, நான் கழற்றிவிடும் கட்சி. மணமேடையில் செருப்போடு ஏறுவது நினைத்தே பார்க்க முடியாத காரியம். நாள் முழுக்க நான் நிற்பதும் நடப்பதும் இந்த வாசல்களுக்கு உள்ளேதான். அப்படியானால் செருப்பு என் காலில் இருந்தது எப்போது? ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போகும்போது. அதாவது ஸ்கூட்டரில். உட்கார்ந்துகொண்டு.

என் அச்சில் செய்த அருமையான இன்சோல், இத்தனை வாரமாக என் ஸ்கூட்டரின் பாதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. நம்ம ஊரில் நிறைய பேர் இதையே செய்கிறார்கள் என்றார். "வெளியில முள்ளு குத்தும்னுதான் செருப்பு போட்டுப் பழகினோம். உங்களுக்கு முள்ளு இல்ல சார் பிரச்சினை. உங்க எடைதான். அது வீட்டுக்குள்ளயும் உங்ககூடத்தான் வருது."

அடுத்த முறை வரும்போதும் புண் இப்படியே இருந்தால் எலும்பை மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சை நிபுணரிடமும் பேச வேண்டும் என்றார். எதைப் பற்றிப் பேச என்று நான் கேட்கவில்லை. ஆட்டோவில் வரும்போது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி அசைந்தது.

வீட்டு வாசலில் செருப்போடு நின்றேன். உள்ளே கூடத்துச் சுவரில் மாதா படம், வாசலை நேராகப் பார்த்தபடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு செருப்பும் நுழைய விடாதவள் பிலோமி. நான் காலைத் தூக்கவும் முடியாமல் கழற்றவும் முடியாமல் நின்றேன். அவள் வாசலில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"இங்கயே குந்துங்க. எங்கயும் போவாதீங்க."

அதே ஆட்டோவில் அவள் திரும்பிப் போனாள். நான் என் வீட்டு வாசலில், விலாசம் விசாரிக்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிற எல்லோரும் நலம் விசாரித்தார்கள். அவள் திரும்பி வந்தபோது கையில் இன்னொரு ஜோடி இருந்தது. அதே அளவு. என் அச்சில் ஏற்கெனவே தயாராக இருந்த மாற்று இன்சோலை மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்திருந்தாள். அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, எனக்கு முன்னால், வாசற்படிக்கு உட்பக்கமாக வைத்தாள்.

"இது தெருவையே பாக்காத செருப்பு. வெளிய போட்டத வெளிய கழட்டுங்க, குந்தினபடியே இத மாட்டுங்க. வெறுங்கால் தரையில படக்கூடாது. மாதாகிட்ட சொல்லிட்டேன்."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"அவங்க ஒண்ணும் சொல்லல. நீங்கதான் எப்பப் பாத்தாலும் ஏதாவது சொல்லிக்கினே இருக்கீங்க, முசியே."

கோபம் வந்தால் என்னை முசியே (பிரெஞ்சில் 'ஐயா') என்பாள், அவள் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அன்றைக்கு அது கோபம் மாதிரி கேட்கவில்லை. அவள் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

வீடு சரி. மேடை? அடுத்த கல்யாணத்தை வேறு ஆளுக்குத் தள்ளிவிடலாம் என்றேன். என் பயத்துக்குப் பணிவு என்று பெயர் வைத்துப் பார்த்தேன், பிலோமி ஏமாறவில்லை. பெண்ணின் அம்மாவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த அம்மா கேட்டது இரண்டே கேள்வியாம். தோலில் செய்ததா? இல்லை, ரப்பர். தெருவில் போட்டதா? இல்லை. "அப்ப அது காலுல கட்டின மெத்ததானே, ஏறச் சொல்லு" என்று சொல்லிவிட்டாராம்.

முகூர்த்தத்தன்று மஞ்சள் பையில் செருப்போடு போனேன். மேடையோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டேன். மேடைக்கு ஏறினேன். மண்டபமே என் காலைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. மண்டபம் பெண்ணையும் செல்போனையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஐயர் பார்த்தார். ஓமத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், மந்திரத்தின் நடுவே என் பாதத்தைப் பார்த்து நிறுத்தினார். எனக்கு வியர்த்தது. இறங்கிவிடலாமா என்று திரும்பினேன்.

"சார், இது எங்க வாங்கினது?"

நான் ஒரு காலைப் படியில் இறக்கினேன்.

"இல்ல, எனக்கும் சர்க்கரைதான். உள்ளங்கால் எரியறது. எழுந்து நின்னா பஞ்சு மேல நிக்கறாப்பல இருக்கு. அதான் கேட்டேன்."

வீடியோவுக்காக அவர் மேல்துண்டில் சின்ன மைக்கை மாட்டியது நான்தான். அதை மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைத்திருந்ததும் நானே. பஞ்சு மேல் நிற்கிற சங்கதி கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்துகூடச் சிரிப்புக் கேட்டது. குனிந்த தலை நிமிராமல் இருந்த பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நான் பாதத்தை மறந்து படத்தை எடுத்தேன். ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டட்டுமா என்று பெண் வீட்டாரைக் கேட்டேன். வேண்டாம், அதைத்தான் எல்லோரும் போட்டுப் பார்க்கிறோம் என்றார்கள்.

இப்போது ஐயரும் மஞ்சள் பையோடு வருகிறார். ஒரே கல்யாணத்தில் சந்தித்துக்கொண்டால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து செருப்பு மாற்றிக்கொள்கிறோம். சர்க்கரை எவ்வளவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். பிறகு அவர் மந்திரத்துக்குப் போகிறார், நான் கேமராவுக்கு.

மருத்துவமனைக்கு அடுத்துப் போனபோது புண் பாதியாகியிருந்தது. அதற்கடுத்து, தோல் மூடியிருந்தது. நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புண்ணு ஆறிடுச்சு சார். நரம்பு அப்படியேதான் இருக்கு. அந்த எடத்த இனிமே நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் நல்லதற்குத்தான். இல்லாவிட்டால் அன்றைக்கே பாயசத்துக்குக் கிளம்பியிருப்பேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், தயவுசெய்து இன்றைக்கு உங்கள் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். காய்ப்பு இருந்தால் பிளேடைத் தொடாமல் டாக்டரிடம் போங்கள். செருப்புக்குள் காலை விடுவதற்கு முன்னால் கையை விட்டுத் தடவுங்கள், கைக்குத் தெரிவது காலுக்குத் தெரியாது. முகத்துக்குச் சோப்புப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேஸ்திரியைத் திட்டாதீர்கள். வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். பயப்படுவதாக இருந்தால் நன்றாகப் பயப்படுங்கள், ஆனால் ஆட்டோவில் ஏறிக்கொண்டு பயப்படுங்கள்.

நான் மாறித்தான் போயிருக்கிறேன். இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே படம் எடுக்கிறேன். பின்னால் நகரும்போது திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். பிலோமி அரிசி களையும்போது பக்கத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி ஒற்றைக்காலில் நின்று பழகுகிறேன். கொக்கு என்கிறாள். எல்லாம் மெதுவாகிவிட்டது. மெதுவாகிவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறேன். பிலோமி செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுக்கிறாள். காலமெல்லாம் ஊரையே சிரிக்கச் சொன்னவன் நான். "பல்ல காட்டாதீங்க, கால காட்டுங்க" என்கிறாள். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எதுவும் மாறவில்லை என்றால் அன்றைய நாள் நல்ல நாள். என் நாட்களை இப்போது அப்படித்தான் அறிகிறேன்.

இன்சோலுக்கும் ஆயுசு உண்டு. மெத்தை அமுங்கித் தட்டையானால் மாற்ற வேண்டும். போன வாரம் பழைய ஜோடியைக் கழற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் அதை முன்பு போலவே ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இந்த முறை யாரோடது என்று கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார்.

குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது. நான்கு சின்ன விரல்களும் வரிசையாக. அவற்றுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பெரிதாக, ஒரு வட்டக் குழி. வலது காலால் எதையும் உணர முடியாத நான் அதில் கைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். இத்தனை மாதமும் என் கட்டைவிரல் அங்கேதான் இருந்திருக்கிறது.